பதினோரு காரணங்கள்

செப்டம்பர் 18

ஒன்பதாம் வகுப்பு ஆ பிரிவு மாணவியின் தாயாருக்கு,

நான் உங்கள் மகளின் வகுப்பாசிரியை. கணக்குப் பாடமும் நான்தான் எடுக்கிறேன். போன வருடம் வகுப்பில் ஒன்பதாவது இடத்தில் இருந்த பெண் இந்தக் காலாண்டுத் தேர்வில் நாற்பத்தெட்டுப் பேரில் நாற்பத்தொன்றாவதாக வந்திருக்கிறாள். சராசரி முப்பத்து மூன்று. ஒரு பெண் மூன்றே மாதத்தில் முப்பத்திரண்டு படி இறங்குவது சாதாரண விஷயம் இல்லை.

இத்துடன் ஒரு படிவம் இணைத்திருக்கிறேன். மாணவர்கள் படிப்பில் பின்தங்குவது ஏன் என்பது பற்றி மூன்று நாள் பயிற்சி வகுப்புக்குப் போய்வந்த பிறகு நானே தயாரித்தது. வீட்டுச் சூழல், பெற்றோர் படிப்பு, குடும்ப வருமானம், சாப்பாடு, தூக்கம், டிவி மற்றும் போன், நண்பர்கள், பள்ளிக்கு வரும் தூரம், விடுப்பு, வீட்டில் படிக்கும் நேரம், ஆர்வமின்மை என்று பதினோரு காரணங்கள். முதலாவதையும் பதினோராவதையும் நான் குறித்திருக்கிறேன். மற்றவற்றை நீங்கள் நிரப்பிக் கையெழுத்திட்டு அனுப்புங்கள்.

உங்களுக்கு மூன்று முறை போன் செய்தேன். இரண்டு முறை எடுக்கவில்லை. மூன்றாவது முறை “சரிங்க டீச்சர், சரிங்க” என்று சொல்லிவிட்டு, நான் கேட்டதற்குப் பதில் சொல்லாமலேயே வைத்துவிட்டீர்கள். ஆகஸ்ட் பெற்றோர் கூட்டத்துக்கும் நீங்கள் வரவில்லை.

ஆண்டு இறுதித் தேர்வில் சராசரி நாற்பதுக்குக் கீழே போனால் பத்தாம் வகுப்புக்கு இந்தப் பள்ளியில் இடம் தருவதில்லை. மாற்றுச் சான்றிதழைக் கொடுத்து அனுப்பிவிடுவார்கள். அது பள்ளி வைத்திருக்கும் விதி. இப்போதே சொல்லிவிடுவது என் கடமை.

வகுப்பாசிரியை

*

செப்டம்பர் 22

டீச்சருக்கு வணக்கம்.

படிவம் வந்தது. நான் எட்டாவது வரை படித்தவள், ஆனால் கேள்வி கேட்டால் பதில் சொல்லத் தெரியும். ஒவ்வொன்றாகச் சொல்கிறேன்.

வீட்டுச் சூழல்: ஒன்றரை அறை. அரை அறையில் அவள் படிக்கிறாள். அவள் அப்பா லாரி ஓட்டுகிறார், மாதத்தில் நான்கு நாள்தான் வீட்டில் இருப்பார், அந்த நான்கு நாளும் தூங்குவார். சண்டை போட ஆளே இல்லை. எங்கள் வீட்டில் கொஞ்சம் சத்தமாகப் பேசுவோம், பக்கத்து வீட்டுக்காரர் சுவரைத் தட்டுவார், அவ்வளவுதான். பெற்றோர் படிப்பு: என்னுடையதைச் சொல்லிவிட்டேன். போன வருடமும் நான் எட்டாவதுதான், அப்போது அவள் ஒன்பதாவது ரேங்க் வாங்கினாள். வருமானம்: பெரிய ஆஸ்பத்திரியின் சலவைக் கூடத்தில் மிஷின் ஓட்டுகிறேன், பதினான்கு வருடமாக. அதற்கு மேல் இந்தக் கட்டத்தில் இடம் இல்லை. சாப்பாடு: மூன்று வேளை, அதில் ஒரு வேளை முறைத்துக்கொண்டே. டிவி: போன மழையில் செத்துவிட்டது. போன்: ஒன்றுதான், என்னிடம் இருக்கிறது. நண்பர்கள்: அவர்கள் எல்லாம் உங்கள் வகுப்பில்தான் இருக்கிறார்கள், உங்களுக்குத்தான் தெரியும். தூரம்: இருபது நிமிட நடை. விடுப்பு: ஜூலையில் காய்ச்சலும் காதுவலியுமாகப் பன்னிரண்டு நாள் படுத்திருந்தாள். லீவு லெட்டர் கொடுத்திருக்கிறோம். படிக்கும் நேரம்: சாயங்காலம் இரண்டு மணி நேரம், நான் எதிரே உட்கார்ந்து பார்க்கிறேன்.

ஆர்வமின்மை என்று நீங்கள் குறித்ததைப் பார்த்து மனசு கஷ்டமாக இருந்தது. அதைப் போன வருட டீச்சர் சொல்லவில்லை.

எனக்குக் காலை ஏழு மணியிலிருந்து நாலு மணி வரை வேலை. பள்ளிக்கூடம் மூடும்போதுதான் நான் மிஷினை மூடுவேன். லீவு கேட்டால் முகத்தைத் தூக்கி வைத்துக்கொள்வார்கள். அதனால் வர முடியவில்லை. போன் வேண்டாம் டீச்சர், தயவுசெய்து எழுதியே அனுப்புங்கள். பாப்பாவிடம் ஒட்டிக் கொடுத்தால் கொண்டுவந்து கொடுப்பாள். பதினாலு வயசுப் பெண்ணைப் பாப்பா என்கிறேனே என்று சிரிக்காதீர்கள். வீட்டுப் பேர் அதுதான்.

பாப்பாவின் அம்மா

*

செப்டம்பர் 29

வணக்கம்.

படிவத்தில் நகைச்சுவைக்கு இடம் விட்டிருக்கவில்லை. இருந்தாலும் எல்லாக் கட்டத்தையும் நிரப்பியிருக்கிறீர்கள். பாதிப் பெற்றோர் அதைக்கூடச் செய்வதில்லை.

ஆர்வமின்மை என்று நான் காரணம் இல்லாமல் எழுதவில்லை. என் வகுப்பில் ஒவ்வொரு மாதத் தேர்வுக்குப் பிறகும் மதிப்பெண் வரிசைப்படி இடம் மாற்றுவேன். முதல் எட்டுப் பேர் முன் வரிசை, அடுத்த எட்டுப் பேர் அதற்குப் பின்னால். இப்படி ஆறு வரிசை. பத்தொன்பது வருடமாக இப்படித்தான். முன்னால் வர வேண்டும் என்று பிள்ளைகள் போட்டி போட்டுப் படிப்பார்கள். உங்கள் மகள் ஜூலைத் தேர்வில் இரண்டு பாடம் தெரியாமல் எழுதி, ஆறாவது வரிசைக்குப் போனாள். வலது ஓரம், ஜன்னல் பக்கம். மற்றவர்கள் என்றால் அடுத்த மாதமே முட்டி மோதி மேலே வரப் பார்ப்பார்கள். இவள் அங்கேயே சௌகரியமாக உட்கார்ந்துவிட்டாள்.

போன வாரம் ஒரு கேள்வி கேட்டேன். பதில் இல்லை. மறுபடி கேட்டேன். மூன்றாம் முறை கூப்பிட்டபோது என்னைப் பார்த்துச் சிரித்தாள். தலையை வேறு ஆட்டினாள். வகுப்பே சிரித்தது. மீதிப் பாடவேளை முழுக்க அவளை நிற்க வைத்தேன். இதை மறைக்க வேண்டிய அவசியம் எனக்கு இல்லை.

வகுப்பாசிரியை

*

அக்டோபர் 3

டீச்சர்,

நிற்க வைத்ததை அவள் என்னிடம் சொல்லவில்லை. உங்கள் கடிதத்தில்தான் தெரிந்துகொண்டேன். சிரித்த பிள்ளையை நிற்க வைப்பதற்கு எந்தப் பயிற்சி வகுப்பில் சொல்லிக் கொடுத்தார்கள்?

கோபத்தில் எழுதுகிறேன், மன்னிக்க வேண்டும் என்று எழுத நினைத்தேன். ஆனால் மன்னிப்புக் கேட்கத் தோன்றவில்லை. எங்கள் சலவைக் கூடத்தில் ஒரு நாளைக்கு அறுநூறு படுக்கை விரிப்பு வரும். ஆபரேஷன் துணி தனி. மூட்டையைப் பிரித்ததும் எதை முதலில் எடுப்போம் தெரியுமா? ரத்தக் கறை அதிகமாக உள்ளதைத்தான். அதைக் கையோடு பச்சைத் தண்ணீரில் போட வேண்டும். சும்மா கசங்கிய விரிப்பு கடைசியில் வந்தாலும் ஒன்றும் ஆகாது. நீங்கள் கசங்காததை முன்னால் வைத்துக்கொண்டு கறையைக் கடைசி வரிசையில் காய விடுகிறீர்கள். என் வேலையில் இப்படிச் செய்தால் அன்றைக்கே சீட்டைக் கிழித்துவிடுவார்கள்.

இன்னொன்றும் சொல்கிறேன், உங்களுக்குத் தெரிய வேண்டும். எங்கள் சூப்பர்வைசர் காதுக்கு அவளுடைய மார்க் விஷயம் எட்டிவிட்டது. “படிப்பு வரலைன்னா விடும்மா, இங்க கூட்டிட்டு வா. மடிக்கிற மேஜைல ஒரு ஆள் குறையுது, அடுத்த வருஷம் வரைக்கும் உனக்காக வச்சிருக்கேன்” என்கிறார். நல்ல மனசோடுதான் சொல்கிறார். ஆனால் அந்த மேஜையில் உட்காராமல் இருக்கத்தான் அவளைப் படிக்க வைக்கிறேன். நீங்கள் சான்றிதழைக் கொடுத்து அனுப்பினால் அவள் போகப்போகிற இடம் அதுதான்.

பாப்பாவின் அம்மா

*

நவம்பர் 12

வணக்கம்.

உங்கள் கடிதத்துக்கு உடனே பதில் எழுதவில்லை. எழுதியிருந்தால் நன்றாக இருந்திருக்காது.

நேற்று மாதத் தேர்வுத் தாள்களைத் திருத்தினேன். என் தேர்வில் பத்துக் கணக்கு அச்சடித்துத் தருவேன். ஐந்து மனக்கணக்கை வாயால் சொல்லுவேன், பிள்ளைகள் விடையை மட்டும் எழுத வேண்டும், பாதி மதிப்பெண் அதற்குத்தான். உங்கள் மகள் அச்சடித்த பத்தில் எட்டைச் சரியாகச் செய்திருக்கிறாள். மனக்கணக்கு ஐந்தில் நான்குக்கு எதுவுமே எழுதவில்லை. தப்பாகக்கூட எழுதவில்லை. ஆர்வம் இல்லாத பிள்ளை எட்டுக் கணக்கைச் சரியாகச் செய்யாது. பழைய தாள்களை எடுத்துப் பார்த்தேன். ஆகஸ்டிலிருந்து எல்லாத் தாளும் இப்படியே இருக்கிறது. இதை நான் முன்பே பார்த்திருக்க வேண்டும்.

இன்று இடைவேளையில் அவள் தண்ணீர் குடித்துக்கொண்டிருந்தபோது பின்னாலிருந்து சாதாரணக் குரலில் கூப்பிட்டேன். வலப்பக்கம் நின்று கூப்பிட்டபோது திரும்பினாள். இடப்பக்கம் நின்று இரண்டு முறை கூப்பிட்டும் திரும்பவில்லை.

ஜூலையில் காதுவலி என்று எழுதியிருந்தீர்கள். அவள் காதைப் பரிசோதிக்க வேண்டும். நவம்பர் இருபதாம் தேதி பள்ளிக்குப் பெரிய ஆஸ்பத்திரியிலிருந்து காது மருத்துவர் வருகிறார். அதற்கு உங்கள் சம்மதக் கையெழுத்து வேண்டும், பரிசோதனையின்போது நீங்களும் உடன் இருக்க வேண்டும். தாளை இத்துடன் வைத்திருக்கிறேன். மறக்காமல் அனுப்புங்கள்.

வகுப்பாசிரியை

*

நவம்பர் 25

வணக்கம்.

பன்னிரண்டாம் தேதி எழுதிய கடிதத்துக்குப் பதில் வரவில்லை. சம்மதத் தாளும் வரவில்லை. இருபதாம் தேதி உங்கள் மகள் பள்ளிக்கும் வரவில்லை. மறுநாள் கேட்டேன், “எனக்கு நல்லா கேக்குது டீச்சர், அம்மாவுக்கு இதெல்லாம் வேணாமாம்” என்றாள். நீங்கள் அப்படிச் சொல்லக்கூடியவர் என்று உங்கள் கடிதங்களைப் படித்த பிறகு என்னால் நம்ப முடியவில்லை. அதனால் இதைத் தபாலில் அனுப்புகிறேன். முந்தைய கடிதத்தின் பிரதியும் உள்ளே இருக்கிறது.

பரிசோதனை நடக்கும்வரை காத்திருக்காமல் அவளை இரண்டாம் வரிசையில் இடது ஓரத்தில் உட்கார வைத்துவிட்டேன். அங்கே வகுப்பு முழுவதும் அவளுடைய வலது காதுப் பக்கம் இருக்கும். ரேங்க் இல்லாமல் எப்படி முன்னால் வரலாம் என்று மற்ற பிள்ளைகள் கேட்டார்கள். அந்தக் கேள்வியை அவர்களுக்குக் கற்றுக் கொடுத்ததே நான்தான்.

வகுப்பாசிரியை

*

நவம்பர் 30

டீச்சருக்கு,

தபால் வந்தது. உங்கள் முந்தைய கடிதம் அவளுடைய கணக்குப் புத்தகத்தின் அட்டைக்குள் நாலாக மடித்து இருந்தது. எடுத்துக்கொண்டு போய் அவள் முன்னால் வைத்தேன்.

“ஏன்டி மறைச்ச?” என்று கேட்டேன். “காது கேக்கலைன்னா சொல்ல வேண்டியதுதானே, இதுல என்ன வெக்கம்?” என்றேன். அப்போதுதான் வாயைத் திறந்தாள்.

“நீ சொன்னியாம்மா?”

டீச்சர், உங்களிடம் இதுவரை சொல்லாததைச் சொல்லுகிறேன். எனக்குக் காது கேட்காது. அடியோடு இல்லை என்று சொல்ல முடியாது. பக்கத்தில் வந்து சத்தமாகப் பேசினால் கேட்கும், முகத்தைப் பார்த்தால் உதடு புரியும். பதினான்கு வருடம் அந்த மிஷின்களுக்கு நடுவில் நின்றால் வேறென்ன ஆகும். போனில் முகம் தெரியாது, அதனால்தான் “சரிங்க சரிங்க” என்று சொல்லி வைத்துவிட்டேன். போன வருடம் பெற்றோர் கூட்டத்துக்கு ஒரு முறை வந்தேன். யார் என்ன பேசினார்கள் என்று எனக்குத் தெரியாது. நீட்டிய இடத்தில் கையெழுத்துப் போட்டுவிட்டு வந்தேன். இந்த வருடம் வராததற்கு அதுதான் காரணம், லீவு அப்புறம்.

எங்கள் வேலையில் காது கேட்காதவர்களை மிஷின் பக்கம் விடமாட்டார்கள். டிரம் கதவு சரியாக மூடவில்லை என்றால் மணி அடிக்கும், அது கேட்க வேண்டும். மூன்று வருடமாக நான் மணியைக் கேட்கவில்லை, சிவப்பு விளக்கைப் பார்த்துத்தான் ஓட்டுகிறேன். வருடத்துக்கு ஒரு முறை மருத்துவச் சோதனை உண்டு. நர்ஸ் முதுகுக்குப் பின்னால் நின்று எண்களைச் சொல்லுவார், நான் திருப்பிச் சொல்ல வேண்டும். எதிரே இருக்கிற கண்ணாடி அலமாரியில் நர்ஸின் உதடு தெரியும். அதைப் பார்த்து எப்படிச் சொல்லுவது என்று முதல் நாள் சாயங்காலம் என்னைப் பழக்குவது யார் தெரியுமா? பாப்பாதான். பத்து வயதிலிருந்து. கடைக்குப் போனால் பக்கத்தில் நின்று எனக்குத் திருப்பிச் சொல்லுவதும் அவள்தான்.

கேட்கவில்லை என்றால் என்ன செய்ய வேண்டும் என்று அவளுக்குச் சொல்லிக் கொடுத்தவள் நான். “சிரிச்சுட்டுத் தலையை ஆட்டிடு பாப்பா, பாதிப் பேர் அதுலயே போயிடுவாங்க” என்று எத்தனை முறை சொல்லியிருப்பேன். நீங்கள் நிற்க வைத்தீர்களே, அந்தச் சிரிப்பு என்னுடையது.

என் காதுக்காக எல்லோரும் வீட்டில் கத்தித்தான் பேசுவோம். அதனால் அவளுக்குக் கேட்கவில்லை என்பது எனக்குத் தெரியாமலே போய்விட்டது. எந்த அம்மாவுக்காவது இப்படி நடக்குமா?

ஏன் டாக்டரிடம் போகவில்லை என்று கேட்டதற்கு அவள் சொன்னதை அப்படியே எழுதுகிறேன். “நான் போனா நீ கூட வரணும். டாக்டர் உன்கிட்டதான் கேப்பாரு. உனக்குக் கேக்காது. உங்க ஆஸ்பத்திரி டாக்டர்மா அவரு. உன் வேலை போயிடும்.” நாலு மாதம் இதை மனசில் வைத்துக்கொண்டு உங்கள் ஆறாவது வரிசையில் உட்கார்ந்திருக்கிறாள்.

உங்கள் படிவத்தில் முதல் காரணத்தை நீங்கள் குறித்தபோது எனக்குக் கோபம் வந்தது. இப்போது அதை நானே குறிக்கிறேன். இதை வெளியில் யாரிடமும் சொல்லிவிடாதீர்கள்.

பாப்பாவின் அம்மா

*

டிசம்பர் 6

வணக்கம்.

யாரிடமும் சொல்ல மாட்டேன்.

முதல் காரணத்தை நீங்கள் குறிக்க வேண்டாம். அவள் உங்களுக்குக் காதாக இருந்ததைக் குறிக்க என் படிவத்தில் கட்டம் இல்லை. அந்தப் படிவத்தை இந்த வாரம் மறுபடி எடுத்துப் படித்தேன். பதினோரு காரணமும் உங்கள் பக்கத்திலோ அவள் பக்கத்திலோ இருக்கின்றன. என் பக்கத்தில் ஒன்றுகூட இல்லை. தயாரித்தவள் நான் என்பதால் இருக்கலாம்.

கறைத் துணி பற்றி நீங்கள் எழுதியதைப் படித்தபோது திமிர் என்று நினைத்தேன். அது மனசை விட்டுப் போகவில்லை. பள்ளி அலமாரியில் என் பழைய மதிப்பெண் பதிவேடுகள் இருக்கின்றன. ஆறு வருடத்தை எடுத்துக் கணக்குப் பார்த்தேன். வருட ஆரம்பத்தில் ஆறாவது வரிசைக்குப் போனவர்கள் நாற்பத்தெட்டுப் பேர். அவர்களில் வருடக் கடைசியில் மூன்றாம் வரிசைக்கு முன்னால் வந்தவர்கள் ஐந்தே பேர். மீதி நாற்பத்து மூன்று பேருக்கும் படிப்பு வராது, என் வரிசை அதைச் சரியாகக் கண்டுபிடித்திருக்கிறது என்றுதான் இத்தனை நாள் நினைத்திருந்தேன். அந்தப் பிள்ளைகளின் முகத்தை நினைவுபடுத்திப் பார்த்தேன். பாதிப் பேர் முகம் நினைவுக்கு வரவில்லை. தூரத்தில் அல்லவா உட்கார்ந்திருந்தார்கள்.

எனக்கு அழத் தெரியாது என்று என் வீட்டில் சொல்லுவார்கள். அன்றைக்குப் பதிவேட்டு அறையில் உட்கார்ந்து அழுதேன்.

இனி நடக்க வேண்டியதைப் பார்ப்போம். அவளை டாக்டரிடம் அழைத்துப் போங்கள். தள்ளிப்போடாதீர்கள். தேர்வுக்கு மூன்று மாதம்தான் இருக்கிறது, விதியை மாற்றும் அதிகாரம் எனக்கு இல்லை.

வகுப்பாசிரியை

*

ஜனவரி 9

டீச்சருக்கு வணக்கம்.

போய்வந்தோம். இடது காதில் ஜூலையில் வந்த சீழ் உள்ளேயே தங்கிக் கெடுத்திருக்கிறதாம். வலது காதிலும் கொஞ்சம் குறைவு. மருந்து கொடுத்திருக்கிறார்கள், ஓரளவு திரும்பி வரலாம், அதுவரைக்கும் கருவி போட்டுக்கொள்ள வேண்டும் என்றார் டாக்டர்.

அவர் பேசப் பேசப் பாப்பா என் பக்கத்தில் நின்று வழக்கம்போலத் திருப்பிச் சொல்லிக்கொண்டே இருந்தாள். பாதியில் அவர் நிறுத்தினார். “பேஷண்ட் யாரு, நீயா உங்க அம்மாவா?” என்றார். என்னையும் கண்ணாடி அறைக்குள் உட்கார வைத்துச் சோதித்தார். மகளைவிட எனக்குத்தான் மோசம். “உங்க சூப்பர்வைசர்கிட்ட நானா சொல்லப் போறதில்ல, ஆனா நீங்க சொல்லித்தான் ஆகணும்” என்றார். இரண்டு பேருக்கும் கருவி வந்திருக்கிறது. என்னுடையதைப் பீரோவில் வைத்துப் பூட்டிவிட்டேன்.

இப்போது புதுத் தகராறு. அவள் தன்னுடையதைப் போட மாட்டேன் என்கிறாள். “நீ போடு, நானும் போடுறேன்” என்கிறாள். “நான் போட்டா வேலை போயிடும்டி” என்றால், “நான் போட்டா மட்டும் எல்லாரும் பாக்க மாட்டாங்களா? மறைச்சே பழகிட்டோம்மா, நான் மட்டும் எப்படித் தனியா போட்டுக்கிட்டு நிப்பேன்?” என்கிறாள். எனக்கு வந்த கோபத்தில் அடிக்கக் கை ஓங்கிவிட்டேன். அவள் நகரவே இல்லை. அப்பனைப் போல அழுத்தம்.

நீங்கள் சொன்னால் கேட்பாள். எப்படியாவது அவளைப் போட வையுங்கள்.

பாப்பாவின் அம்மா

*

ஜனவரி 17

வணக்கம்.

சொன்னேன். கேட்கவில்லை. “அம்மா போடட்டும் டீச்சர்” என்றாள். கட்டாயப்படுத்தினால் பையில் வைத்துக்கொண்டு வந்து பையிலேயே திருப்பி எடுத்துப் போவாள். அதில் பிரயோஜனம் இல்லை.

உங்களுக்கு அறிவுரை சொல்ல எனக்குத் தகுதி இல்லை. என் வேலைக்கு ஆபத்து இல்லை, உங்கள் வேலைக்கு இருக்கிறது. அதனால் தெரிந்ததை மட்டும் எழுதுகிறேன். ஜனவரித் தேர்வில் கணக்கில் ஐம்பத்தொன்று வாங்கியிருக்கிறாள். மனக்கணக்கைப் பலகையில் எழுதிவிடுகிறேன். தமிழிலும் ஏறியிருக்கிறாள். ஆனால் அறிவியலில் இருபத்தெட்டு. அந்த ஆசிரியர் பலகையைப் பார்த்துக்கொண்டே பாடம் நடத்துவார். திரும்பி நின்று பேசுங்கள் என்று இரண்டு முறை கேட்டுவிட்டேன். இரண்டு நிமிடம் திரும்புவார், மறந்துவிடுவார். சமூக அறிவியலிலும் ஏறவில்லை. எல்லாம் சேர்த்துச் சராசரி முப்பத்தெட்டு.

இரண்டு மதிப்பெண் குறைகிறது. கருவி இல்லாமல் அந்த இரண்டு வருமா என்று கேட்டால் எனக்குத் தெரியாது.

இன்னொன்று. மணி கேட்காமல் அந்த மிஷின் பக்கத்தில் நீங்கள் நிற்பதை நினைத்தால் எனக்குப் பயமாக இருக்கிறது. இதைச் சொல்லக் கூடாது என்றுதான் இருந்தேன்.

வகுப்பாசிரியை

*

பிப்ரவரி 5

டீச்சருக்கு,

உங்கள் கடிதத்தை இரண்டு வாரத்துக்கு மேல் பையிலேயே வைத்திருந்தேன். திங்கட்கிழமை காலை பீரோவைத் திறந்தேன்.

இரண்டு காதிலும் மாட்டிக்கொண்டு வேலைக்குப் போனேன். முதலில் என்னைப் பயமுறுத்தியது என் செருப்புச் சத்தம். யாரோ பின்னாலேயே வருகிறார்கள் என்று மூன்று தடவை திரும்பிப் பார்த்தேன். கூடத்துக்குள் நுழைந்ததும் மிஷின் சத்தம் தலையைப் பிளந்தது. இதற்குள்ளா பதினான்கு வருடம் நின்றேன் என்று இருந்தது.

நேராகச் சூப்பர்வைசரிடம் போனேன். அவர் என் காதைப் பார்த்தார், என்னைப் பார்த்தார். “எத்தனை நாளா?” என்றார். “மூணு வருஷமா சார்” என்றேன். “மூணு வருஷமா மணி கேக்காமத்தான் ஓட்டினியா? எவனாவது கையை விட்டிருந்தா நான் ஜெயில்ல இருந்திருப்பேன்மா!” என்று கத்தினார். அவர் கத்தியது முழுக்க எனக்குக் கேட்டது. அவர் சொன்னது நியாயம். கடைசியில் நாற்காலியில் உட்கார்ந்து, “பதினாலு வருஷம் வேலை பாத்தவளை வெளிய தள்ள என்னால முடியாது. மிஷின் பக்கம் இனிமே வராத. மடிக்கிற மேஜைக்குப் போ” என்றார்.

சம்பளம் குறைவுதான். ஓவர்டைமும் கிடையாது. லாரிக்காரர் கேள்விப்பட்டு முதலில் குதித்தார், அப்புறம் சரி என்றார். பாப்பாவுக்கு என்று வைத்திருந்த இடத்தில் நான் உட்கார்ந்துவிட்டேன். இனி அங்கே காலி இல்லை.

சாயங்காலம் வீட்டுக்குப் போய்க் கதவைத் தட்டினேன். திறந்தவள் என் காதைப் பார்த்தாள். உள்ளே போய்த் தன்னுடையதை எடுத்து மாட்டிக்கொண்டு வந்து எதிரே உட்கார்ந்தாள். “மெதுவா பேசும்மா, காது வலிக்குது” என்றாள். நான் இத்தனை வருடம் எவ்வளவு சத்தமாகப் பேசியிருக்கிறேன் என்பது அப்போதுதான் எனக்கே தெரிந்தது. இரண்டு பேரும் அழுதோம், டீச்சர். அதுவும் மெதுவாகத்தான்.

நாளையிலிருந்து போட்டுக்கொண்டு வருவாள். யாராவது கிண்டல் செய்தால் பார்த்துக்கொள்ளுங்கள்.

பாப்பாவின் அம்மா

*

ஏப்ரல் 4

வணக்கம்.

முடிவு வெளியாகும் முன்பே உங்களுக்குச் சொல்லிவிட வேண்டும் என்று எழுதுகிறேன். அறிவியல் நாற்பது. கணக்கு ஐம்பத்தாறு. சராசரி நாற்பத்து நான்கு. உங்கள் மகள் பத்தாம் வகுப்புக்குப் போகிறாள். பிப்ரவரியில் இரண்டு பேர் கிண்டல் செய்தார்கள். நான் பார்த்துக்கொள்வதற்குள் அவளே பார்த்துக்கொண்டாள். என்ன சொன்னாள் என்று எனக்குத் தெரியாது, அதன் பிறகு யாரும் வாயைத் திறக்கவில்லை.

இங்கேயே கடிதத்தை முடித்திருக்கலாம். முடியவில்லை.

வெளியே அனுப்ப வேண்டியவர்களின் பட்டியல் நேற்று என் கையெழுத்துக்கு வந்தது. என் வகுப்பில் இரண்டு பேர். இரண்டு பேருமே ஆறாவது வரிசையில் இருந்தவர்கள். டிசம்பரில் வரிசையைக் கலைத்துவிட்டேன். மாதாமாதம் சீட்டு எடுத்து இடம் மாற்றுகிறோம். இருந்தும் இவர்கள் ஏறவில்லை. காதைப் பரிசோதித்தாயிற்று, நன்றாக இருக்கிறது. கண்ணும் நன்றாக இருக்கிறது. காரணம் எனக்குத் தெரியவில்லை. பத்தொன்பது வருடத்தில் இந்த வாக்கியத்தை நான் எழுதுவது இதுதான் முதல் முறை.

காரணம் தெரியும்வரை கையெழுத்துப் போட மாட்டேன் என்று தலைமை ஆசிரியரிடம் எழுதிக் கொடுத்திருக்கிறேன். “உங்க ஒருத்திக்காக ஸ்கூல் ரிசல்ட்டைக் கெடுத்துக்க முடியாதும்மா” என்றார். ஒரு மாதம் அவகாசம் தந்திருக்கிறார். அதற்குப் பிறகு அவரே போட்டுவிடுவார். என் மேலும் ஏதாவது எழுதுவார். எழுதட்டும்.

அந்த இரண்டு பேரில் ஒருத்தியின் வீடு உங்கள் தெருவுக்கு இரண்டு தெரு தள்ளி. நான் இரண்டு முறை போனேன். அவளுடைய அம்மா உட்காரச் சொல்லி, டீ கொடுத்து, எல்லாம் நன்றாக இருக்கிறது, இனிமேல் நன்றாகப் படிப்பாள் என்று சொல்லி அனுப்பிவிட்டார். வீட்டில் ஏதோ இருக்கிறது. என்ன என்று தெரியவில்லை.

ஞாயிற்றுக்கிழமை நீங்கள் ஒரு முறை போய்வர முடியுமா? விலாசம் கீழே இருக்கிறது. நான் அனுப்பியதாகச் சொல்ல வேண்டாம். என்னிடம் சொல்ல மாட்டார்கள். உங்களிடம் சொல்லுவார்கள்.

வகுப்பாசிரியை